சாரல் காலத்து மூட்டைப்பூச்சி

காலையில் எழும்போது கையிலும் கழுத்திலும் தடிப்புகள் இருந்தால் அது மூட்டைப்பூச்சிதான் என்று முடிவு கட்டிவிடுவதும், நம் வீட்டில் அதெல்லாம் இருக்காது என்று கொசுவின் மேல் பழியைப் போடுவதும் எங்கள் பக்கத்தில் ஏறக்குறைய சம அளவில் நடக்கின்றன. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாய்க்கு ஏறும் சாலையை ஒட்டிய ஊர்களில் ஆனியிலும் ஆடியிலும் ஈரம் காய்வதே இல்லை. கொசு உண்டு, தொழுவம் உள்ள வீடுகளில் உண்ணியும் தெள்ளுப்பூச்சியும் உண்டு, சரியாக உலராத துணியை உடுத்துவதால் வரும் அரிப்பும் உண்டு. கணுக்காலைச் சுற்றி மட்டும் தடித்திருந்தால் தெள்ளுப்பூச்சியை நினைக்கலாம், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இரவில் அரித்தால் சிரங்கை நினைக்கலாம், திறந்து கிடந்த தோலில் மூன்று நான்கு தடிப்புகள் ஒரே வரிசையில் இருந்தால் மூட்டைப்பூச்சியை நினைக்கலாம். ஆனால் இவை வெறும் நினைப்புகளே. தடிப்பை மட்டும் பார்த்து இன்ன பூச்சி கடித்தது என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை.

கடிக்கும்போது மூட்டைப்பூச்சி தன் உமிழ்நீரில் உள்ள பொருள்களால் இடத்தை மரத்துப்போகச் செய்து, இரத்தம் உறையாமலும் பார்த்துக்கொள்கிறது என்பதால், 5 முதல் 10 நிமிடம் வரை அது குடித்து முடிக்கும் வரைக்கும் தூங்குகிறவருக்குத் தெரிவதில்லை. பிறகு வரும் தடிப்பு நம் உடலின் ஒவ்வாமையே. அது சிலருக்கு உடனே வரும், சிலருக்கு இரண்டு வாரம் கழித்து வரும், சிலருக்கு வரவே வராது. ஒரே கட்டிலில் படுக்கும் இருவரில் ஒருவர் இரவெல்லாம் சொறிந்துகொண்டிருக்க மற்றவர் எதுவும் இல்லை என்று சாதிக்கும் வீடுகள் நிறைய. என் அண்ணன் வீட்டில் நடந்ததும் அதுதான். அண்ணன் பொய் சொல்லவில்லை, அவர் தோல் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவே.

ஆகவே சந்தேகம் வந்தால் உடம்பை விட்டுப் படுக்கையைப் பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் பூச்சியாக இராது. அதன் எச்சமாகவே இருக்கும். மெத்தையின் தையல் மடிப்பிலும் கட்டில் சட்டத்தின் மூலையிலும் குண்டூசித் தலை அளவுக் கரும்புள்ளிகள் கூட்டமாக இருக்கும். துணியில் அவை ஊறிப் பரவிய விளிம்போடு தெரியும், ஈரப் பஞ்சால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கரையும். செரித்த இரத்தம் அது. அடுத்தது, உரித்துப் போட்ட சட்டைகள். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு முதிர்ந்த பூச்சியாவதற்குள் ஐந்து முறை சட்டை உரிக்கிறது, ஒவ்வொரு முறையும் அதற்கு முன் ஒரு வேளை இரத்தமாவது குடித்தாக வேண்டும். எனவே அந்த வெளிறிய மஞ்சள் தோல்கள் அளவு அளவாகக் கிடந்தால், பூச்சி அங்கே குடும்பம் நடத்துகிறது என்று பொருள். முட்டை சுமார் 1 மில்லிமீட்டர். ரவைத் துணுக்கு போல மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஊதினாலும் தட்டினாலும் விழாது. வளர்ந்த பூச்சி 4 முதல் 5 மில்லிமீட்டர், பழுப்பு நிறம், காகிதம் நுழையும் இடுக்கில் புகும் அளவுக்குத் தட்டை. குடித்த பிறகு நீண்டு உப்பி அடர்சிவப்பாகிவிடுவதால் இரண்டும் வேறு வேறு பூச்சிகள் என்று நினைப்பவர்களும் உண்டு.

அண்ணன் வீட்டு மேல்மாடியைக் குற்றாலச் சீசனில் வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது வழக்கம். ஆனி முதல் ஆவணி வரை அருவிக்கு வருகிறவர்கள், கார்த்திகை பிறந்தால் ஆரியங்காவுக்கும் அச்சன்கோவிலுக்கும் போகும் மாலை போட்டவர்கள் என்று மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் பைகள் வந்து போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, மலைக்கு மேற்கே ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது அங்கிருந்த தேக்குக் கட்டில் ஒன்றை அண்ணன் ஆசைப்பட்டு வாங்கிக் கொண்டுவந்திருந்தார். பூச்சி பையில் வந்ததா, கட்டிலில் வந்ததா என்று அந்த வீட்டில் நடந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதில் ஆர்வம் இல்லை. மூட்டைப்பூச்சிக்குச் சிறகு இல்லை, குதிக்கவும் தெரியாது. நம்முடைய பொருள்களில் ஏறிக்கொண்டுதான் ஊர் விட்டு ஊர் வருகிறது. ஆணோடு கலந்த பெண் பூச்சி ஒன்றே போதும். அவற்றின் இனச்சேர்க்கை மிகக் கொடுமையானது: ஆண், பெண்ணின் வயிற்றைக் குத்தித் துளைத்தே விந்தைச் செலுத்துகிறது. கலந்த பெண்பூச்சி கூட்டத்தை விட்டு விலகி வேறு இடம் தேடிப் போவதற்கு இந்தக் குத்துக்காயமும் ஒரு காரணம் என்கிறார்கள். அப்படித் தனியே போன ஒன்று ஒரு பையின் மடிப்பில் ஒளிந்தால் நாளுக்குச் சில முட்டைகள் வீதம் வாழ்நாளில் 200க்கு மேல் இட்டுவிடும்.

அழுக்கான வீட்டில்தான் மூட்டை வரும் என்ற எண்ணம் எத்தனை சொன்னாலும் போவதில்லை. அதற்கு வேண்டியது அழுக்கு அன்று. தூங்கும் மனிதனின் மூச்சுக்காற்றும் உடல் வெப்பமும்தான். ஆனாலும் மதினி என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, தெருவுல யாருக்கும் தெரிய வேண்டாம், நீங்க மட்டும் வந்து பாத்துட்டுப் போங்க" என்றுதான் சொன்னார். வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் பூச்சி என்றால் எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் கடையில் விற்கும் கரப்பான் பூச்சி மருந்துக் குப்பி ஒன்று மெத்தையின் மேல் முழுவதுமாகக் காலியாகியிருந்தது. பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். அந்தக் குப்பிகளில் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. இன்றைய மூட்டைப்பூச்சிகளில் பெரும் பகுதி அதற்குப் பழகிவிட்டது. மருந்து பட்ட சில சாகும், பல அந்த இடத்தை விட்டு நகர்ந்து நிலைக்கதவின் இடுக்கிலும் மின்விசைப் பலகைக்குப் பின்னாலும் போய் ஒதுங்கும். ஒரு கட்டிலில் இருந்த தொல்லை ஓர் அறை முழுவதும் ஆகிவிடும். மருந்து வாங்குவதற்கு முன் தேடி முடிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. மூட்டைப்பூச்சியை ஒழிப்பதில் கொல்லுவது சிறு வேலை, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

அது தூங்குகிறவரிடமிருந்து வெகு தொலைவு போவதில்லை. பெரும்பாலானவை படுக்கையிலேயோ அதைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்ளோதான் ஒளிந்திருக்கும்; ஆகவே தலைமாட்டிலிருந்து தொடங்கி வெளியே நகர வேண்டும். வேண்டிய கருவிகள் நல்ல டார்ச், காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று, அகலமான ஒட்டுநாடா, சோப்புத் தண்ணீர்க் கிண்ணம், இறுகக் கட்டக்கூடிய பாலித்தீன் பைகள். விரிப்பையும் தலையணை உறையையும் உதறாமல் அப்படியே சுருட்டிப் பைக்குள் போட வேண்டும். உதறினால் முட்டையும் குஞ்சும் தரையெங்கும் சிதறும். மெத்தையின் நான்கு விளிம்புத் தையலையும் விரலால் விரித்துக்கொண்டே அட்டையின் ஓரத்தால் வழிக்க வேண்டும். பிறகு கட்டிலைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் கட்டிலைச் சோதித்ததாகச் சொல்லுகிறவரை நான் நம்புவதில்லை, ஏனெனில் சட்டமும் காலும் சேரும் பொருத்துவாய்க்குள்ளும் திருகாணிக் குழிக்குள்ளும் பலகையின் அடிப்பக்கத்திலும்தான் அவை கூட்டமாக இருக்கும். அண்ணனின் தேக்குக் கட்டிலில் தலைமாட்டுச் செதுக்கு வேலைப்பாட்டின் பின்புறம் மட்டும் நகம் வைக்க இடமின்றிக் கருத்துக் கிடந்தது.

கட்டில் முடிந்ததும் சுவர். காலண்டர் மாட்டிய ஆணிக் குழி, சாமி படச் சட்டத்தின் பின்புறம், திரைச்சீலையின் மேல் மடிப்பு, பெயர்ந்த சுண்ணாம்புப் பூச்சு, தரையும் சுவரும் சேரும் இடத்தில் உள்ள வெடிப்பு. பிரம்பு நாற்காலியும் வயர் நாற்காலியும் மோசமான இடங்கள். கோரைப்பாயின் துணிவைத்துத் தைத்த ஓரம் அதைவிட மோசம், அதை யாரும் பார்ப்பதில்லை. பகலில் ஒன்றும் அகப்படாவிட்டால் விடிவதற்கு முந்தைய நேரத்தில் டார்ச்சை அடித்துப் பார்க்கலாம். அவை நடமாடும் நேரம் அது. அகப்பட்டதை நசுக்காமல் ஒட்டுநாடாவில் ஒற்றி எடுப்பதும் சோப்புத் தண்ணீரில் போடுவதும் நல்லது. நசுக்கினால் சுவரில் கறையும் அறையில் நாற்றமும்தான் மிச்சம்.

இனிக் கொல்லும் வேலை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் முதல் வைத்தியம், மெத்தையை வெயிலில் போடுவது. சித்திரையில் சொன்னாலாவது பொருள் உண்டு. கணவாய் வழியாகச் சாரல் வந்துகொண்டிருக்கும் ஆடியில் அந்த வெயிலுக்கு எங்கே போவது? வெயில் இருந்தாலும் பயன் குறைவு. மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் உறுதியாகச் சாக, அவை இருக்கும் இடத்தின் வெப்பம் 48 பாகை செல்சியசில் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். 55 பாகையைத் தாண்டினால் சில நிமிடங்கள் போதும். இலவம்பஞ்சு மெத்தையின் மேல்புறம் கை வைக்க முடியாதபடி சுட்டாலும் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும், பூச்சியும் நிழற்பக்கமாக நகர்ந்துகொள்ளும். பங்குனி வெயிலில் மொட்டைமாடித் தளத்தில், கறுப்புப் பாலித்தீன் பைக்குள் மெல்லிய துணிகளைப் பரப்பிக் கட்டி வைத்தால் வேலை நடக்கக்கூடும். அப்போதும் பையின் நடுவில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால்தான் உறுதி.

சாரல் காலத்தில் கைகொடுப்பது வெந்நீர் அண்டா. விரிப்பு, உறை, போர்வை, அணிந்த துணி அனைத்தையும் 60 பாகைக்குக் குறையாத வெந்நீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்துத் துவைத்தால் பூச்சியும் முட்டையும் ஒழியும். இடையில் ஆறிப்போகாமல் மறுபடி வெந்நீர் சேர்க்க வேண்டும். உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டலாம். துவைக்கக் கூடாத பட்டுப் புடவைக்குக் குளிர் நல்ல வழி: காற்றுப் புகாத பையில் கட்டி, கழித்தல் 18 பாகை வரை போகும் உறைபெட்டியில் நான்கு நாள் வைக்க வேண்டும். சாதாரணக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டுகள் எல்லாம் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை என்பதால் இதிலும் அளந்து பார்ப்பது அவசியம். பிரித்த கட்டில் பலகைகளின் பொருத்துவாய்களில் கொதிநீரை ஊற்றுவது பழைய முறை, நல்ல முறையும்கூட. கொதிநீர் நேரே படும் இடத்தில் முட்டையும் தப்பாது. ஒட்டுப்பலகைக் கட்டிலில் மட்டும் அதைச் செய்யக் கூடாது, பலகை உப்பிவிடும். நீராவிக் கருவி கிடைத்தால் மெத்தைத் தையலில் மெதுவாக, விரற்கடை விரற்கடையாக நகர்த்த வேண்டும்.

எங்கள் ஆச்சி, கொசுவை ஒழிக்க டிடிடி என்ற பூச்சிமருந்தை அடிக்க வந்த ஆட்களைப் பற்றிச் சொல்லுவார். முதுகில் பம்பு, அடித்து முடித்ததும் நிலைக்கு அருகில் சுவரில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். கொசு போனதோ இல்லையோ, முதல் சில தடவை மூட்டை அடியோடு போய்விட்டது என்பார். டிடிடி பூச்சியைக் கொல்லும் என்பதை 1939இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே ஹவாய்த் தீவுகளில் டிடிடிக்குச் சாகாத மூட்டைப்பூச்சிகள் பதிவாகிவிட்டன. நம் நாட்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கியபோது வீட்டுக்காரர்கள் விருப்பமாகக் கதவைத் திறந்ததற்கு மூட்டைப்பூச்சியும் ஒரு காரணம். சில ஆண்டுகளில் மூட்டை அந்த மருந்துக்குப் பழகிவிட, மருந்தடித்தும் தொல்லை குறையவில்லை என்று அதே மக்கள் மருந்தடிப்பவர்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். மலேரியாத் தடுப்பு வேலை அதனாலும் பல இடங்களில் சுணங்கியது. இத்தனைக்கும் மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் எதையும் பரப்புவதாக நிறுவப்படவில்லை. அரிப்பு, தூக்கக் கேடு, சொறிந்த இடத்தில் புண், மிக முற்றிய இடங்களில் இரத்தச் சோகை, இவையே அது செய்யும் தீங்குகள்.

நோயைவிட மருந்து கொடியதாகிவிடும் ஆபத்து இதில் உண்மையாகவே உண்டு. தானியக் கிடங்கில் வண்டு வராமல் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைக்கென்று வீட்டில் வைக்கும் வழக்கம் அங்கங்கே இருக்கிறது. ஈரக் காற்று பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு வருகிறது. அது கதவிடுக்கு வழியாகவும் சுவர் வெடிப்பு வழியாகவும் அடுத்த அறைக்கும் அடுத்த வீட்டுக்கும் போகும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் உட்படப் பலர் நாட்டில் இப்படி இறந்திருக்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய அந்த மாத்திரையை யாராவது காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வாங்கவே கூடாது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ தடவுவதும் வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா என்பார்கள். அவற்றைத் தடவிய மரத்துக்கு ஒரு பொறி பட்டால் போதும், கேள்விக்கே இடமில்லாமல் போய்விடும்.

வேப்பிலை, நொச்சி, வசம்பு ஆகியவற்றைக் கட்டிலடியில் வைத்தால் மனத்துக்கு ஆறுதல். பூச்சி ஒழியும் என்று நான் சொல்லமாட்டேன். இலைகளில் ஒன்று மட்டும் உண்மையாகவே வேலை செய்யும். ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில் பீன்ஸ் இலைகளை இரவில் தரையில் பரப்பிவைத்துக் காலையில் கூட்டி எரிப்பார்களாம். இலையின் பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கொக்கி மயிர்கள் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்வதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2013இல் நுண்ணோக்கியில் படம் பிடித்துக் காட்டினார்கள். கிடைக்கிற பீன்ஸையெல்லாம் தரையில் பரப்ப மதினி சம்மதிக்கவில்லை.

மருந்தடிக்கும் ஆளை அழைப்பதானால் தேடி வழித்துத் துவைத்து முடித்த பிறகே அழைக்க வேண்டும். என்ன மருந்து என்று பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதும், மெத்தையின் மேல்புறத்தில் அடிக்கவிடாமல் இடுக்குகளிலும் வெடிப்புகளிலும் மட்டும் அடிக்கச் சொல்வதும் நம் உரிமை. ஒரே தடவையில் முடித்துத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடலாம். பெரும்பாலான மருந்துகள் முட்டையை ஒன்றும் செய்வதில்லை. எங்கள் வெப்பநிலையில் அது பத்து நாளுக்குள் பொரிந்துவிடும், ஆகவே 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டாம் முறை அடிப்பது கட்டாயம். மருந்துக்குப் பழகிய பூச்சிக்கும் தப்ப வழியில்லாதது சிலிக்கா தூள். அது பூச்சியின் மேலுள்ள மெழுகுப் படலத்தை உறிஞ்சி உடலை வற்றச் செய்கிறது. மின்விசைப் பலகையின் பின்புறம் போன்ற, காற்றுப் பட்டுப் பறக்காத இடங்களில் மிக மெல்லிதாகத் தூவ வேண்டும். மூக்கில் துணி கட்டிக்கொள்வது அவசியம்.

அதன் பிறகு கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, விரிப்பு தரையில் தொங்காமல் செருகி, நான்கு கால்களுக்கும் கிண்ணம் வைக்க வேண்டும். வழவழப்பான கிண்ணத்தில் விழுந்த பூச்சி ஏற முடியாது என்று மேல்நாட்டுக் குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். அது குளிர்நாட்டு மூட்டைக்குப் பொருந்தும். நம் பக்கத்தில் பெரிதும் காணப்படும் வெப்பமண்டல இனமான சைமெக்ஸ் ஹெமிப்டெரசின் கால்களில் பற்றிக்கொள்ளும் மயிர்கள் மிகுதி என்பதால் அது வழவழப்பிலும் ஏறித் தப்பிவிடும். கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பதே இங்கே சரி. இன்னொன்று, அறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் கூடத்தில் படுக்கக் கூடாது. பசி தாங்கி மாதக்கணக்கில் கிடக்கும் பூச்சி அது. ஆள் படுத்திருந்தால்தான் ஒளிவிடத்திலிருந்து இறங்கி வந்து மருந்திலும் கிண்ணத்திலும் விழும். மேல்மாடியை அந்தச் சீசன் முடியும் வரை யாருக்கும் விடாமல், அண்ணன் தானே அங்கே படுத்துக்கொண்டார்.

கீழே கட்டில் சுத்தமாகிய பிறகும் மேற்குச் சுவரை ஒட்டி ஒன்றிரண்டு குஞ்சுகள் அகப்பட்டுக்கொண்டே இருந்தன. எங்கள் தெருவில் வீடுகளுக்கு இடையே பொதுச்சுவர். உத்தரம் நுழையும் துளை இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. தெருவுக்குத் தெரியக் கூடாது என்று வைத்திருந்த மதினிதான் கடைசியில் புனலூர்க்காரரான பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் போய்ச் சொன்னார். சேச்சி சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "மேடமாசம் தொட்டே எங்க வீட்டிலும் மூட்ட உண்டு, நாணக்கேடுன்னு நான் சொல்லல்ல" என்றார். அன்று மாலையே இரு வீட்டுக் கட்டில்களும் கழற்றப்பட்டன. உத்தரத் துளையை இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளைச் சிமெண்டு வைத்து அடைத்தோம். மருந்துக்காரரை இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வரச் சொல்லி, இரண்டாம் முறைக்கான தேதியையும் அப்போதே குறித்து வாங்கிக்கொண்டதில், பேசிய கூலியிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.